சாவி தருமுன் ஒரு பாட்டு

டெரன்ஸிடம் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க விட்டவர்கள், அதைத் திரும்ப எடுக்கும்போது ஒரு பாட்டு கேட்டாக வேண்டும். கூலியை வாங்கிக்கொள்வான். வண்டியைக் கிளப்பி இரண்டு முறை முறுக்கிக் காட்டுவான். பிறகு எஞ்சினை அணைத்துச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கையை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துணியில் துடைத்து, கைப்பேசியை மேசைமேல் நிமிர்த்தி வைப்பான். பாட்டு முடிந்தால்தான் சாவி வெளியே வரும்.

மலாக்கா பக்கத்து ஊரான மெர்லிமாவில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவசரக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

"தம்பி, சின்னப் பாட்டா போடு லா. புள்ளைய ஸ்கூல்ல எடுக்கணும்."

அப்படிப்பட்டவர்களுக்கென்றே இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தான். போகட்டும், பாட்டு இல்லாமலே கிளம்பட்டும் என்று ஒருவரைக்கூட விட்டதில்லை.

பாட்டு என்றால் வானொலியில் வருகிற பாட்டு அல்ல. யாரும் கேள்விப்பட்டிராத குழுக்களின் பாட்டு. சிம்பாங் அம்பாட்டில் கோழிப் பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேர், ஓய்வு நாளில் கொட்டகைக்குள் பாடிப் பதிந்தது ஒன்று. கெடாவில் தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்த பெண்கள் சோப்பு வாளியைத் தட்டிப் பாடியது ஒன்று. இப்படித் தேடித் தேடி எடுத்து வைத்திருந்தான்.

"இதெல்லாம் யாருப்பா கேக்குறா?" என்பார் முனியாண்டி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள், மாதம் ஒருமுறையாவது டெரன்ஸின் கையைப் பார்க்காமல் இருக்காது.

"நீங்க கேக்குறீங்களே மாமா."

"நான் எங்க கேக்குறேன்? என் சாவி ஒன் பாக்கெட்டுல கெடக்கு. அது கேக்குது. நான் சும்மா ஒக்காந்திருக்கேன்."

டெரன்ஸ் சிரித்துக்கொள்வான். ஆனாலும் பாட்டு ஓடும்போது அவன் கண் முனியாண்டியின் முகத்தைவிட்டு அகலாது. புருவம் கொஞ்சம் ஏறுகிறதா, விரல் தொடையில் தாளம் போடுகிறதா என்று பார்ப்பான். முனியாண்டி தெருவைப் பார்ப்பார். எதிர்க்கடைப் பூனையைப் பார்ப்பார். முடிந்ததும் கையை நீட்டுவார்.

டெரன்ஸ் ஜாசின் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அல்போன்ஸ் செம்பனைக் குலை வெட்டினார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு சீனர் பட்டறையில் டயர் துடைக்கச் சேர்ந்தான். கழற்றிய திருகாணிகளை, எது எங்கிருந்து வந்ததோ அதே வரிசையில் அட்டையில் குத்தி வைக்கிற பழக்கம் அப்போதே அவனுக்கு இருந்தது. இன்றுவரை அவன் பூட்டிய எஞ்சினில் ஒரு வாஷர்கூட மிஞ்சியதில்லை. அவன் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டான். சுங்கை ரம்பாயிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது இவனிடம் வருகிறவர்கள் சொல்வார்கள்.

அந்த நாட்களில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு கேசட் வியாபாரி, விற்காத கேசட்டுகளை மீன் பெட்டியில் கொட்டி மலிவாக விற்பார். டெரன்ஸ் கையை விட்டு எடுத்த முதல் கேசட்டின் அட்டையில், இரவல் கோட்டு போட்ட நான்கு இளைஞர்கள் ரப்பர் மரங்களுக்கு முன்னால் நின்றார்கள். ஒருவனுக்குக் கோட்டின் கை நீளம் அதிகமாகி விரல்களே தெரியவில்லை. பாட்டுகளோ அபாரம். நாடா தேய்கிற வரைக்கும் கேட்டான். பார்த்தவர்களிடமெல்லாம் இவர்கள் யார், எந்த ஊர் என்று விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. தாங்கள் பாடியதைக் கேட்டு ஒருவன் சந்தோஷப்பட்டான் என்பது அந்த நால்வருக்கும் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் அவனுக்கு நெடுநாள் உறுத்தல்.

அதனால்தான் கைப்பேசியில் பாட்டு கேட்கிற காலம் வந்ததும், பிடித்த பாட்டுக்குக் கீழே தவறாமல் எழுதத் தொடங்கினான். "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போகிற ஆள் அவன் இல்லை. "ரெண்டாவது அடிக்கு அப்புறம் பேஸ் கிட்டார் உள்ள வர்ற எடம், மழை விட்டதும் ஜன்னலத் தொறந்த மாதிரி இருக்கு" என்று எழுதி, கீழே "டெரன்ஸ், மெர்லிமாவ்" என்று பேர் போடுவான்.

போன வருஷம் அவன் கையில் அகப்பட்டது ஈரச்சாக்கு என்ற குழு. காப்பார் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர். தர்ஷன் என்பவன் பாடுவான். தாரணி என்ற பெண் டிரம்ஸ் அடிப்பாள். லிஃப்ட் கெட்டுப்போன அடுக்கு வீட்டில் பதினாலாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கிப் போவதைப் பற்றி ஒரு பாட்டு. பக்கத்து வீட்டு அத்தையின் நாய்க்குத் தன்னைக் கண்டால் மட்டும் ஏன் ஆகவில்லை என்று கேட்கிற ஒரு பாட்டு. கேட்ட நாளிலிருந்து பட்டறையில் அதிகம் ஓடியது ஈரச்சாக்குதான்.

"பேரப் பாரு, ஈரச்சாக்காம்" என்றாள் கோமளா. பஸ் நிலையத்தருகில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவள். ஸ்கூட்டரின் பிளக் மாற்ற வந்திருந்தாள். "காயப்போட்டுட்டுப் பாடச் சொல்லு."

"கேளுங்கக்கா, அப்புறம் சொல்லுங்க."

"என்னாத்தச் சொல்றது? சாவியக் குடு, கொழம்பு அடுப்புல இருக்கு."

ஒரு நாள் மத்தியானம் தர்ஷனே கூப்பிட்டான். பாட்டுக்குக் கீழே எழுதியிருந்த பேரையும் ஊரையும் வைத்து, பட்டறையின் எண்ணைத் தேடிப் பிடித்திருந்தான்.

"அண்ணே, நீங்க எழுதுறத நாங்க நாலு பேரும் ஒக்காந்து வாசிப்போம். எங்க பாட்டு அங்க மலாக்கா பக்கம் வேற யாராச்சும் கேக்குறாங்களா?"

"நெறைய பேரு கேக்குறாங்க தம்பி" என்றான் டெரன்ஸ்.

யோசிக்காமல் வந்த பதில்.

"உண்மையாவாண்ணே? ஏன்னா, இங்க நாங்க எங்க பாடுனாலும் எங்க சொந்தக்காரங்கதான் வந்து ஒக்காந்திருக்காங்க. அதுவும் எங்கம்மா மிரட்டிக் கூட்டிட்டு வர்றது. போதும், நிறுத்திக்கலாம்னு பேசிட்டோம். அதுக்கு முன்னாடி, நம்மளத் தெரியாத ஆளுங்களுக்கு முன்னால ஒரு தடவ பாடிப் பாத்துடணும். அங்க வரட்டுமா?"

"வாங்க" என்று சொல்லி வைத்தபிறகுதான் டெரன்ஸுக்கு உறைத்தது. நிறைய பேர் கேட்கிறார்கள் என்றானே, யார் கேட்கிறார்கள்? சாவிக்காக உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கில் சேர்க்க முடியுமா? இத்தனை வருஷம் தான் பாட்டைப் பகிர்ந்துகொண்டோமா, இல்லை மனிதர்களைப் பிடித்துவைத்து அவர்கள் காதில் ஊற்றினோமா? இந்தக் கேள்வியை அவன் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை.

அக்கா ஜெனட்டிடம் சொன்னான். அவள் தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். அவளிடம் விஷயம் போனால் அது நடந்து முடிந்த மாதிரிதான். கோயில் சங்கத்தில் பேசிக் கூடாரமும் நாற்காலியும் ஏற்பாடு செய்தாள். அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டித் தருவதாகச் சொன்னாள்.

"கஸ்டமர் எல்லாருக்கும் மெசேஜ் போடு" என்றாள்.

"போடமாட்டேன்க்கா."

"ஏன்?"

"நான் கூப்பிட்டா மரியாதைக்கு வருவாங்க. அடுத்த தடவ மோட்டர் கெட்டா என் மூஞ்சியில முழிக்கணுமேன்னு வருவாங்க. தானா வர்றவங்க வரட்டும்."

"ஒருத்தரும் வரலன்னா?"

டெரன்ஸ் ஒரு திருகாணியை எடுத்து அட்டையில் குத்தினான்.

"அப்ப காலி நாற்காலிக்குப் பாடட்டும்" என்றாள் ஜெனட். "நாற்காலிக்காவது ரசன இருக்கான்னு பாப்போம்."

கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டான். தர்ஷன் அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பட்டறைக் கதவில் ஒட்டுவது. நான்கு பேர் சேர்ந்து எடுத்த படம் தாரணிக்குப் பிடிக்கவில்லையாம். அதனால் தர்ஷனின் முகம் மட்டும் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அழகாகத்தான் இருந்தது. கீழே அவன் பேர், சனிக்கிழமைத் தேதி, மாலை ஐந்து மணி. அவ்வளவுதான் எழுத்து. டெரன்ஸ் நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் தாழாமல் நேராக ஒட்டினான்.

சனிக்கிழமை அவன் பட்டறையை மூடுவதே கிடையாது. அன்று காலையிலேயே கதவை இழுத்துவிட்டான். மத்தியானம் சங்கத்து ஆட்கள் வந்து, தெருவின் பாதியை அடைத்து வெள்ளைக் கூடாரத்தை நிறுத்தினார்கள். கீழே வெள்ளை நாற்காலிகள். யாராவது வருவார்களா என்ற கவலையில் டெரன்ஸ் சோர்வாக இருந்தான்; முகம் சரியில்லை. ஜெனட் பெரிய கலனில் தே ஓ, அதாவது பாலில்லாத் தேநீர், கலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் போனவர்கள் கதவில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், கூடாரத்தைப் பார்த்தார்கள், டெரன்ஸின் முகத்தைப் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள்.

ஐந்து மணிக்கு முன்பே முனியாண்டி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மோட்டாரின் முன்கூடையில் ஒரு பெட்டி தண்ணீர்ப் புட்டிகள். அதை இறக்கி ஜெனட்டிடம் கொடுத்துவிட்டு, டெரன்ஸின் தோளில் கை வைத்தார்.

"சின்ன வயசாத் தெரியுதே படத்துல."

"சின்ன வயசுதான் மாமா. இருபத்தாறு."

"அடப் பாவமே. என்னா, ஆக்சிடெண்டா?"

டெரன்ஸுக்கு விளங்கவில்லை. "இல்ல மாமா, நல்லபடியா வந்துகிட்டு இருக்காங்க. ஆயர் குரோ தாண்டிட்டாங்களாம்."

"கொண்டாந்துகிட்டு இருக்காங்களா" என்று முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து கோமளா, பிறகு தையற்கடைக்காரர், பிறகு சுங்கை ரம்பாயிலிருந்து இரண்டு குடும்பங்கள். எல்லாரும் மெல்லிய குரலில் பேசினார்கள். யாரும் முன்வரிசையில் உட்காரவில்லை. கோமளா கையில் வெள்ளைச் சாமந்தி மாலை இருந்தது. டெரன்ஸ் ஆட்கள் வருவதைப் பார்த்து நெஞ்சு நிறைந்து நின்றான். இத்தனை பேர், கூப்பிடாமலே. பாட்டுக்காரர்களுக்கு மாலைகூட வாங்கி வந்திருக்கிறார்களே என்று கோமளாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. கதவு திறந்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தர்ஷன் இறங்கினான்.

கோமளா வாயில் கை வைத்தாள். முனியாண்டி எழுந்து, கதவில் இருந்த படத்தையும் எதிரில் நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டே போய் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, நீ நல்லாத்தானே இருக்க?"

"நல்லா இருக்கேன் அங்கிள். கொஞ்சம் பசி."

முதலில் சிரித்தது ஜெனட். நிற்க முடியாமல் தே ஓ கலனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கூடாரமே சிரித்தது. கோமளா மாலையை அவசர அவசரமாக ஸ்கூட்டர் பெட்டிக்குள் அமுக்கினாள்.

"ஏன்லா டெரன்ஸ், பாட்டுக் கச்சேரிக்கு யாராச்சும் இப்பிடி ஒரு படத்த ஒட்டுவாங்களா?" என்றார் முனியாண்டி. "போட்டது போட்டபடி ஓடியாந்திருக்கேன். தண்ணி வேற வாங்கியாந்துட்டேன்."

எல்லாரோடும் சேர்ந்து டெரன்ஸும் சிரித்தான். ஆனால் உள்ளே ஏதோ சரிந்துவிட்டது. இவர்கள் பாட்டுக்கு வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள். துக்கம் இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? இன்றைக்கு யாருடைய சாவியும் அவன் பையில் இல்லை.

அவன் ஜெனட்டின் பக்கத்தில் போய், "அக்கா, சாப்பாட்ட மொதல்லயே போட்டுரு" என்றான்.

"பாட்டு முடிஞ்சு குடுத்தாத்தானே இருப்பாங்க?"

"அதனாலதான். சாப்பிட்டுக் கெளம்புறவங்க கெளம்பட்டும்."

ஜெனட் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு மீகூனைத் தட்டில் எடுத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சிலர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வரோம் தம்பி, நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லிக் கிளம்பினார்கள். இரண்டு மூன்று பேர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார்கள். மாட்டுவதா வேண்டாமா என்பதுபோல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

ஈரச்சாக்கு முதல் பாட்டைத் தொடங்கியது. டெரன்ஸ் தூணோரம் நின்று வழக்கம்போல் முகங்களைப் பார்த்தான். ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் ஜெனட் கைதட்டினாள். தையற்கடைக்காரர் பாதியில் சேர்ந்துகொண்டார்.

தர்ஷன் ஒலிவாங்கியைப் பிடித்தான். "எங்க பாட்டு இங்க நெறைய பேருக்குத் தெரியும்னு டெரன்ஸ் அண்ணன் சொன்னாரு. எதாச்சும் வேணும்னா கேளுங்க, பாடுறோம்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. டெரன்ஸின் காது சுட்டது. ஓடிப்போய் எதையாவது கேட்டுவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தான். அதற்குள் பின்வரிசையில் முனியாண்டி கையைத் தூக்கினார்.

"தம்பி, அந்தச் செயின் பாட்டப் பாடு."

தர்ஷன் தாரணியைப் பார்த்தான். தாரணி டெரன்ஸைப் பார்த்தாள். "அப்பிடி ஒரு பாட்டு எங்ககிட்ட இல்லையே அங்கிள்."

"இருக்கு லா. என் மோட்டருக்குச் செயின் மாத்துனப்பப் போட்டான். நல்லாத் தெரியும்."

டெரன்ஸுக்குப் பொறி தட்டியது. செயின் மாற்றிய நாள் எதைப் போட்டோம் என்று அவனுக்கு மறக்குமா? "பதினாலாம் மாடி" என்றான்.

"எனக்குப் பிளக் பாட்டு" என்றாள் கோமளா. "அதுல ஒரு நாய் வரும்."

"அப்ப டியூப் பாட்டு எனக்கு" என்றார் தையற்கடைக்காரர். "விசிலடிச்சுகிட்டே முடியுமே, அது."

ஆளாளுக்கு ஒன்றைக் கேட்டார்கள். பிரேக் பாட்டு, கிளட்ச் கேபிள் பாட்டு, வெள்ளத்தில் வண்டி முழுகியபோது கேட்ட பாட்டு. எது எந்தப் பாட்டு என்று டெரன்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, தாரணி சிரிப்பை அடக்க முடியாமல் டிரம்ஸ் குச்சியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தலைக்கவசங்கள் தரைக்குப் போயின.

செயின் பாட்டு முதலில் வந்தது. முனியாண்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கைதட்டினார். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

"எல்லாம் சரி. நடுவுல டர்ர்ருன்னு ஒண்ணு ஏறி வருமே, அத வுட்டுட்டீங்க."

"டர்ர்ரா?" என்றான் தர்ஷன்.

"டர்ர்ர்ர்" என்று முனியாண்டி தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்துக் காட்டினார். "அதுதான் அந்தப் பாட்டுக்கே எடுப்பு."

டெரன்ஸ் தூணைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பட்டறையின் காற்றடிக்கிற கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. அதைப் பாட்டோடு சேர்ந்த வாத்தியம் என்று முனியாண்டி இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டுத் தாரணி சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, "அது எந்த எடத்துல வரும் அங்கிள்?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது தடவ 'படி, படி, படி'ன்னு சொல்லி நிறுத்துறான் பாரு. மூச்சு வாங்குவான். அந்த மூச்சு முடியிற எடத்துல."

டெரன்ஸின் சிரிப்பு நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்ற மனிதர். தெருவையும் பூனையையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்த மூச்சு தர்ஷனே வேண்டுமென்று வைத்ததா என்று டெரன்ஸுக்கே சந்தேகம் இருந்தது. இவர் அதன் நீளம் வரைக்கும் சொல்கிறார்.

"அண்ணே, கதவத் தொறங்க" என்றாள் தாரணி. "அத ஓட்டுங்க. மறுபடி பாடுவோம்."

பட்டறைக் கதவு மேலேறியது. கம்ப்ரஸர் நினைத்த நேரத்தில் ஓடாது. தொட்டியில் காற்று குறைந்தால்தான் ஓடும். டெரன்ஸ் காற்றுக் குழாயைக் கையில் எடுத்து, எவ்வளவு காற்றை விட்டால் எத்தனை நேரத்தில் கிளம்பும் என்று இரண்டு தடவை சோதித்துப் பார்த்துக்கொண்டான். பாட்டு மறுபடி தொடங்கியது. முனியாண்டி பட்டறை வாசலில் நின்று, கையை உயர்த்திக் காத்திருந்தார். "படி, படி, படி." தர்ஷன் மூச்சு வாங்கினான். முனியாண்டியின் கை இறங்கியது. டெரன்ஸ் விசையை அழுத்த, காற்று சீறி, கம்ப்ரஸர் டர்ர்ரென்று ஏறியது. தாரணி அதன்மேல் அடித்த அடியில் கூடாரத்துச் சீலை நடுங்கியது. கோமளா எழுந்து நின்று ஆடினாள். கிளம்பிப் போனவர்களில் இருவர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, மோட்டாரை அணைக்காமலே நின்று பார்த்தார்கள்.

அதன்பிறகு நாய்ப் பாட்டு, விசில் பாட்டு, வெள்ளப் பாட்டு. நாய்ப் பாட்டில் எல்லாரும் சேர்ந்து குரைத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நால்வரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். தர்ஷன் ஒலிவாங்கிக்கு வந்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. எழுதி வச்சோம். பதியவே இல்ல. குழுவே முடியப்போகுது, இது எதுக்குன்னு விட்டுட்டோம். இத டெரன்ஸ் அண்ணன்கூடக் கேட்டதில்ல. இனிமேதான் பதியணும். பாடட்டுமா?"

"பாடு, பாடு" என்றார்கள்.

நின்றுகொண்டே இருந்த டெரன்ஸை ஜெனட் இழுத்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். கோமளாவுக்கும் அவளுக்கும் நடுவில். மெதுவான பாட்டு. கிட்டார் தனியாக ஒரு தடவை சுற்றி வந்தது. இரண்டாம் சுற்றில் பேஸ் அதன் அடியில் மெல்ல நுழைந்தது. டெரன்ஸால் தாங்க முடியவில்லை. அக்காவின் பக்கம் சாய்ந்து, "அக்கா, பேஸ் வந்துச்சே, அந்த எடத்த கவனிச்சியா? அங்க பாரேன், அவன் என்ன பண்றான்னா" என்று ஆரம்பித்தான்.

கோமளா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

"சும்மா இரு டெரன்ஸ். கேக்க வுடு."

டெரன்ஸ் வாயை மூடிக்கொண்டான்.